அடுக்களையும் அணுவிரதமும்



ஓர் ஊரில் ஜினாலயத்திற்குத் திருப்பணி செய்ய வேண்டுமாயின், பெரியோர் கூடிப் பேசுகின்றனர். மதிலின் உயரம் என்ன, மண்டபத்தின் அளவு என்ன என்று ஆராய்கின்றனர். நம் இல்லத்து அடுக்களையைத் திருத்திக் கட்ட வேண்டுமாயின், அதனைக் கொத்தனாரிடமும் ஆசாரியிடமும் ஒப்படைத்துவிட்டு, எப்போது முடியும் என்று மட்டுமே கேட்கிறோம். ஆலயத்தில் நாம் நிற்கும் நேரம் ஒன்றிரண்டு நாழிகை. அடுக்களையில் நிற்கும் நேரமோ அதனினும் பன்மடங்கு. அகிம்சையை நாம் வாயினால் ஓதும் இடம் ஆலயம் என்றால், கையினால் காக்கவோ கைவிடவோ செய்யும் இடம் அடுக்களையே அன்றோ? ஆதலின், பத்தடி நீளமும் ஏழடி அகலமும் உடைய ஒரு சிறிய அடுக்களையைப் பற்றி இங்குப் பேசப் புகுகின்றோம். அறவுரைக்கு இது பொருளாகுமா என்று ஐயுறுவோர் சற்றே பொறுத்தருள வேண்டும்.

இம்சையை நம் ஆசாரியர்கள் நால்வகையாகப் பகுத்துள்ளனர். கொல்ல வேண்டும் என்னும் கருத்துடனே செய்வது சங்கல்பி. வீட்டுப் பணிகளில் தவிர்க்க இயலாமல் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தம்மையும் பிறரையும் காத்துக்கொள்ளும்போது நேர்வது விரோதி. இவற்றுள் சங்கல்பி இம்சையை இல்லறத்தார் முற்றும் விட்டுவிட வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும். இயங்கும் உயிர்களாகிய திரச ஜீவன்களைக் காப்பதும், நிலையுயிர்களாகிய நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை வீணே அழியாமல் புழங்குவதும் அணுவிரதியின் கடமை. துறவியர்க்கு அடுப்பே இல்லை. நமக்கு அடுப்பு உண்டு. ஆகவே ஆரம்பி இம்சையும் உண்டு. இதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், தானத்தைக் கூறுமிடத்தில் 'சூனை' என்றொரு சொல் வருகின்றது. சூனை என்றால் கொலைக்களம். இல்லத்தில் ஐந்து கொலைக்களங்கள் உள்ளன என்று உரைகாரர் விளக்குவர். அவை உரல், அம்மி அல்லது திரிகை, அடுப்பு, நீர்க்குடம், துடைப்பம் ஆகியன. அந்நூலின் வழிநின்று தமிழில் எழுந்த அருங்கலச்செப்பைப் படித்த குடும்பங்களில் இவை புதிய செய்தியல்ல. ஐந்தில் நான்கு அடுக்களைக்குள்ளேயே இருக்கின்றன என்பதையும், ஐந்தாவதாகிய துடைப்பம் அதன் கதவுக்குப் பின்னால் நிற்கின்றது என்பதையும் எண்ணிப் பாருங்கள். உரல் போய் மிக்ஸி வந்தாலும், விறகு போய் எரிவாயு வந்தாலும் சூனையின் கணக்கு ஐந்தாகவே உள்ளது.

இதனைப் பல்லாண்டு படித்தும், மாணவியர்க்கும் கூட்டங்களிலும் எடுத்துரைத்தும் வந்த நாம், நம் கையினால் செய்த பிழையொன்றை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஆசிரியப் பணியில் இருந்த காலம் முழுவதும் காலை எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய நிலை. சோறு வெந்தவுடன் கஞ்சியை வடித்து, அந்தக் கொதிக்கும் கஞ்சியை அப்படியே சாக்கடை வாயில் கொட்டிவிட்டு ஓடுவோம். ஒரு நாளா, இரண்டு நாளா? முப்பது ஆண்டுகளுக்கும் மேல். நம் இல்லத்திற்கு மருமகள் வந்த முதல் மாதத்தில் ஒரு நாள், வடித்த கஞ்சிப் பானையைத் தூக்கிய நம் கையை அவள் மெல்லத் தடுத்து, "அத்தை, அது ஆறட்டும். நான் பிறகு ஊற்றிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அம்மா ஆறவைத்துத்தான் ஊற்றுவார்கள்" என்றாள். நமக்குச் சினம் வந்தது. மேடையேறி அகிம்சையைப் பேசுகின்ற நமக்கு, நேற்று வந்தவள் பாடம் சொல்வதா என்ற எண்ணமே முன்னே நின்றது. அன்று மாலை சாக்கடை வாயைப் பார்த்தோம். முந்தைய நாள் ஊற்றிய இடத்தில் மண்புழுக்கள் சுருண்டு வெளுத்துக் கிடந்தன. அவற்றை எத்தனையோ முறை கண்டிருப்போம். கண்டும் கருதாமல் இருந்திருக்கிறோம். நம் கண்ணை மறைத்தது அவசரம் என்று இதுவரை சொல்லிவந்தோம். அந்தப் பானைக்கு, ஆறும் வரை வைத்திருக்க, அடுக்களையில் ஓர் இடம் இல்லை என்பதும் ஒரு காரணம் என்று பின்னரே விளங்கிற்று. மேடை முழுவதும் அடுப்பும் பாத்திரமும் நிறைந்திருக்கும். சூடான பானையை எங்கே வைப்பது? வைக்க இடமில்லாதபோது கை தானாகவே சாக்கடையை நோக்கிப் போகின்றது.

இடத்தை அமைக்கும் முறையே நல்லொழுக்கத்தை எளிதாக்கவோ அரிதாக்கவோ செய்யும் என்னும் உண்மையை அப்போதுதான் உணர்ந்தோம். இதனை யத்னாசாரம் என்று நூல்கள் கூறும். அதாவது, கருத்தூன்றிச் செய்யும் ஒழுக்கம். கருத்து மட்டும் இருந்து, இடம் ஒத்துழையாவிடில், பத்து நாளில் கருத்து சோர்ந்துவிடுகின்றது.

சென்ற ஆண்டு அடுக்களையைத் திருத்துவதென்று இல்லத்தில் முடிவாயிற்று. பழைய ஓட்டுவீடு. புகை படிந்த சுவர், உடைந்த சிமெண்டுத் தரை, இரண்டடிச் சதுரத்தில் ஒரே சாளரம். நாற்பதாண்டு சுண்ணக்கட்டி பிடித்த கையல்லவா! உடனே நாமே தரையில் கோடு வரைந்தோம். அடுப்பு இங்கே, தொட்டி இங்கே, அலமாரி இங்கே என்று எழுதி, மேடையின் உயரம் 30 அங்குலம் என்றும் குறித்துவிட்டோம். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, இந்த மேடையில் சமைக்கப் போவது யார்?" என்று கேட்டார். நாம் விடை கூறவில்லை. நம் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. மருமகளின் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். அவள் பத்தாண்டுகளாகக் குனிந்து நின்று சமைத்து, இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்வதை நாம் காணாமலா இருந்தோம்? அவளை ஒரு சொல் கேட்காமலே கோடு வரைந்திருக்கிறோம். பிறவுயிருக்கு நேரும் துன்பத்தை எண்ணுவதுதான் அகிம்சை என்றால், அது எறும்பிடத்தில் தொடங்கி மருமகளிடத்தில் நின்றுவிடலாகாது.

கோட்டை அழித்தோம். சுண்ணக்கட்டியை அவளிடம் கொடுத்தோம். சுவரருகே நின்று முழங்கையை மடக்கி, அதற்கு நான்கு அங்குலம் கீழே ஒரு குறியிடச் சொன்னோம். மேடையின் உயரத்திற்கு அதுவே பொருத்தமான அளவு. அது 35 அங்குலம் வந்தது. "அத்தைக்கு எட்டாதே" என்று அவளே 33-ஆகக் குறைத்தாள். நமக்கென்று சாளரத்தின் எதிரே, உட்கார்ந்து காய் அரியவும் அரிசி பொறுக்கவும் ஒரு தாழ்ந்த கல்திண்ணை வைக்கலாம் என்றும் அவளே கூறினாள். அரிசியையும் பருப்பையும் பகல் வெளிச்சத்தில் முறத்தில் பரப்பி, வண்டும் புழுவும் பார்த்தெடுக்கின்ற வேலை முதியோர்க்கே உரியது. பொறுமை உள்ளவர்க்கே அது வரும். திண்ணை அமைந்த பின் அவ்வேலை நமக்கு நிலையாயிற்று.

இனி, அமைப்பைக் கூறுவோம்.

பத்தடி நீளமுள்ள கிழக்குச் சுவரை ஒட்டி, இரண்டடி அகலத்தில் ஒரே நேரான மேடை. அதன் வடமுனையில் பாத்திரம் கழுவும் தொட்டி, தென்முனையருகே அடுப்பு, இரண்டிற்கும் நடுவே அகலப்படுத்திய சாளரம். சாளரத்தை அடுப்பின் நேர்ப்பின்னே வைத்தால் காற்றடித்துத் தீ அணையும், எரிவாயு வீணாகும், அணைந்ததை அறியாவிட்டால் ஆபத்தும் உண்டு. ஆகவே நடுவில் வைத்தோம். வாஸ்து பார்ப்பவர் வந்து, அடுப்பு அக்கினி மூலையில் அமைந்தது என்று மகிழ்ந்தார். மகிழட்டும். தக்குர பேரு என்னும் சமணரே 1315-இல் வாஸ்துசாரம் என்றொரு பிராகிருத நூல் இயற்றியுள்ளார். அக்கலை நமக்கு அயலானதன்று. ஆனால் நாம் கிழக்கைத் தேர்ந்தது காலை வெயிலுக்காகவே. வெயில் படும் மேடையில் ஈரம் தங்காது. ஈரம் தங்காத இடத்தில் நுண்ணுயிர் பெருகாது. பிறந்து மடியும் உயிர்களின் தொகையைக் குறைப்பதே முதற் காப்பு.

அடிகளின் கணக்கையும் பார்த்தோம். ஜெர்மனி நாட்டில் 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர், பிராங்க்பர்ட் நகரின் எளிய குடியிருப்புகளுக்காக, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உடைய அடுக்களையை வரைந்தார். இல்லத்தரசி எத்தனை அடி நடக்கிறாள் என்று அளந்து அதனை அமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது கட்டப்பட்டது. அவர் பெண்களின் உழைப்பைக் குறைக்க நினைத்தார். நமக்கோ அதனுடன் இன்னொரு பயனும் உண்டு. துறவியர்க்கு ஈரியா சமிதி என்றொரு விதி இருக்கிறது. நான்கு முழத் தொலைவு நிலத்தைப் பார்த்து, உயிர்களை மிதியாமல் நடத்தல் அது. கையில் கொதிக்கும் குழம்புடன் நடப்பவள் தரையைப் பார்க்க இயலுமா? இயலாது. அப்படியானால் அவள் நடக்கும் அடிகளையாவது குறைக்கலாம் அன்றோ? பழைய அடுக்களையில் நீர்க்குடம் மேற்கு மூலையில், அடுப்பு கிழக்கில், பாத்திரம் கழுவுவது கொல்லையில். ஒரு காலைச் சமையலுக்கு மருமகள் நடந்த அடிகளை எண்ணத் தொடங்கி, நூறு கடந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டோம். இப்போது நீரும் தொட்டியும் அடுப்பும் கைக்கெட்டும் வரிசையில் உள்ளன.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வடிகட்டாத நீரைப் புழங்கலாகாது என்பதை நம் குழந்தைகளும் அறிவர். 36 விரல் நீளமும் 24 விரல் அகலமும் உள்ள தடித்த துணியை இரண்டாக மடித்து வடிகட்டுவது பழைய முறை. வடிகட்டிய நீர் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடங்கள் வரையே வடிகட்டிய நீராகக் கொள்ளப்படும். பின்னர் மீண்டும் வடிகட்ட வேண்டும். காய்ச்சிய நீருக்கு 24 மணி நேரம். இதனால் நம் அடுக்களைக்குப் பெரிய நீர்த்தொட்டி தேவையில்லை. இரண்டு சிறு குடங்களும், ஒரு காய்ச்சும் பாத்திரமும், வடிதுணியை வெயிலில் உலர்த்த ஒரு கொக்கியும் தேவை. அந்தக் கொக்கியை எந்தக் கொத்தனாரும் தாமாக அடிக்கமாட்டார். துணி ஈரமாகவே மூலையில் கிடந்தால் அதுவே உயிர்களுக்குப் பிறப்பிடமாகும். சாளரத்தின் வெயில் படும் பக்கத்தில் இரண்டு கொக்கிகள் அடித்தோம். ஜீவானி எனப்படும் துணியில் தங்கிய உயிர்களை, நீர் எடுத்த கிணற்றிலேயே மெதுவாகச் சேர்க்க வேண்டும். நம் இல்லத்தில் இன்னும் கிணறு இருக்கின்றது. வடக்கே கதவைத் திறந்தால் எட்டடியில் கிணற்றுமேடை. நகரங்களில் குழாய் நீரை நம்பி வாழ்வோர்க்கு இது பெரும் இடர்ப்பாடு என்பதை அறிவோம். அவர்கள் குழாய் வாயில் துணி கட்டிவிட்டு, வாரம் முழுவதும் அவிழ்க்காமல் விட்டுவிடுகின்றனர். அதனினும் கட்டாமல் இருப்பதே மேல் என்போம். நாள்தோறும் அவிழ்த்து அலசி உலர்த்துவோரே கட்டத்தக்கவர்.

கழுவுதொட்டியின் கீழே ஆழமான நாணி டிராப் வைத்து, மேலே நுண்துளைச் சல்லடை இட்டோம். சாக்கடையினின்று பூச்சிகள் மேலேறி வராமலும், மேலிருந்து விழாமலும் காக்க அது போதும். தொட்டிக்கும் அடுப்புக்கும் இடையே, ஒன்றரை அடி அகலத்தில் வெற்றிடம் ஒன்று விடப்பட்டது. கஞ்சிப் பானை ஆறும் இடம் அது. வேறு எதையும் அங்கு வைக்கக்கூடாது என்பது இல்லத்துச் சட்டம். ஆறிய கஞ்சியில் பாதி பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போகின்றது.

மேடையின் நிறத்தில்தான் நமக்கும் மருமகளுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. கறுப்பு கிரானைட் போட வேண்டும் என்றோம். கறை தெரியாது, பார்வைக்கும் நன்றாக இருக்கும் என்பது நம் வாதம். "கறை தெரியாவிட்டால் எறும்பும் தெரியாதே, அத்தை" என்றாள் அவள். புள்ளி புள்ளியான கருங்கல்லின்மேல் கறுப்பெறும்பு ஊர்ந்தால் யாருக்குத் தெரியும்? துணியை வீசித் துடைக்கும்போது எத்தனை போகும்? நாம் வாயடைத்துப் போனோம். புள்ளியில்லாத வெண்ணிற டைல்ஸ், ஒவ்வொன்றும் 4 அடிக்கு 2 அடி, மேடைக்கு மூன்றே பலகை, இடுக்குகள் இரண்டே. அவற்றையும் எபாக்ஸி பூசி நிரப்பினோம். மஞ்சள் கறை படுகின்றது, துடைத்தால் போய்விடுகின்றது. தேங்காயை மட்டும் மேடையில் உடைக்கலாகாது, பலகை விண்டுவிடும். தரையும் வெளிர்நிறமே. தரையும் சுவரும் சேருமிடத்தைக் கூர்மூலையாக விடாமல் வளைவாகப் பூசச் சொன்னோம். துடைப்பத்தின் நுனி மூலையில் குத்திக் குடையும்போது அகப்பட்டு நசுங்கும் உயிர்களை நினைத்துச் செய்தது இது. மென்மையான புல் துடைப்பமே பெருக்குவதற்கு. விளக்குமாற்றை முற்றத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

அலமாரி பற்றி ஒரு கடையில் விசாரித்தோம். மாடுலர் கிச்சன் என்று பளபளப்பான படங்களைக் காட்டினர். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் தனியாக இழுக்கும் கூடை உண்டு என்று பெருமையுடன் இழுத்துக் காட்டினார் விற்பனையாளர். கந்தமூலம் உண்ணாத இல்லத்துக்கு அக்கூடையினால் ஆவதென்ன என்று நாங்கள் சிரித்துவிட்டோம்; அவர் காரணம் விளங்காமல் விழித்தார். நாங்கள் அதனை வாங்காமைக்குக் காரணம் கூடையன்று. அழுத்திய மரத்தூள் பலகை ஈரம் பட்டால் ஊதும், கரையான் வரும், மூடிய இருட்டறைகளில் கரப்பான் குடிபுகும். "அதற்கென்ன, மாட்டுவதற்கு முன் மருந்தடித்துவிடுவோம், ஆண்டுக்கு ஒருமுறை வந்து அடித்துத் தருவோம்" என்றனர்.

இங்கேதான் தாய்மார்கள் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அடுப்பில் தெரியாமல் விழுந்த பூச்சி ஆரம்பி இம்சை. கொல்வதற்கென்றே பணம் கொடுத்து மருந்தடிக்கச் செய்வதோ சங்கல்பி. நாம் அடிக்கவில்லை, அவர்தாமே அடித்தார் என்று கூறித் தப்ப இயலாது. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வார்க்கு உடன்படல் ஆகிய மூன்றும் ஒரே வினையைத் தரும் என்பது நம் ஆகமத்தின் துணிபு. ஆண்டுக்கு ஒருமுறை கொலைக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் அலமாரி நம் இல்லத்திற்கு ஏன்? கடப்பைக் கல்லில் தட்டுகள் வைத்தோம். கரையான் கல்லை உண்ணாது. கதவில்லாத தட்டுகளில் வெளிச்சம் படும். கீழ்த்தட்டைத் தரைக்கு ஓரடி மேலே வைத்தோம், குனிந்து பெருக்கலாம். செலவும் பாதிக்கும் குறைவு. எரிவாயு உருளை மட்டும் மேடையின் அடியில் திறந்தவெளியில் நிமிர்ந்து நிற்கின்றது. அவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். அதை மூடிய அறைக்குள் அடைத்தல் பெருந்தவறு. ரப்பர்க் குழாயின்மேல் அச்சிட்ட காலம் முடியுமுன் அதனை மாற்றுவதும் ஜீவகாருண்யமே. அது நம் மக்களின் ஜீவனைக் காப்பது.

மாவுக்குச் சிறு டப்பாக்களே போதும். மழைக்காலத்தில் மூன்று நாள், கோடையில் ஐந்து நாள், குளிர்காலத்தில் ஏழு நாள் என்று அரைத்த மாவுக்கு எல்லை கூறியுள்ளனர். அந்த எல்லைக்குள் தீரும் அளவே அரைப்போர்க்குப் பத்துப்படி டின் எதற்கு? பாட்டியின் திரிகையைக் கொல்லைக்குத் தள்ளிவிடாமல் திண்ணையின் பக்கத்திலேயே வைத்தோம். பொன்னூர்மலைக்கு முனிவர் பெருமக்கள் விகாரம் வரும் நாள்களில் ஆகார தானத்திற்கு அன்றன்று திரித்த மாவு வேண்டுமே. அவர்கள் நின்றபடியே, கையையே கலமாகக் கொண்டு ஒருவேளை உண்பவர். அதற்கென அடுக்களையின் முன்னே நால்வர் நின்று உபசரிக்கும் அளவு வெற்றிடம் வேண்டும் என்று மகனிடம் கூறினோம். குளிர்பதனப் பெட்டியை அங்கே வைக்க எண்ணியிருந்த அவன், மறுப்பின்றி அதனைக் கூடத்துக்கு மாற்றிவிட்டான்.

வெளிச்சத்துக்கு மேற்குப் பக்கக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள் பதித்தோம். மாலை உணவை ஞாயிறு மறைவதற்குள் முடிக்க வேண்டுமாயின், மார்கழியில் நான்கரை மணிக்கே அடுப்பு எரிய வேண்டும். கிழக்குச் சாளரம் அந்நேரம் மங்கிவிடும். கண்ணாடி ஓட்டின் வழியே வரும் ஒளியில் விளக்கின்றியே சமைக்கலாம். இரவில் பால் காய்ச்சவோ நோயாளிக்கு வெந்நீர் வைக்கவோ நேர்ந்தால், அடுப்பினின்று விலகி, கதவருகே மஞ்சள் நிற எல்.இ.டி. விளக்கு ஒன்று உண்டு. நீலம் கலந்த வெண்ணிற ஒளியே விட்டில்களை மிகுதியும் ஈர்ப்பது. அடுப்பின் நேர்மேலே வெண்விளக்கை மாட்டுவோர், விட்டிலை அழைத்து வந்து குழம்பில் தள்ளுகின்றனர் என்றே சொல்வோம். சாளரத்திற்கும் புகைபோக்கி விசிறிக்கும் எஃகு வலையிட்ட சட்டம் போட்டாயிற்று. ஓட்டின்கீழ் அழகுக்காகப் பொய்க்கூரை அமைக்கலாம் என்றார் ஆசாரி. எலியும் சிலந்தியும் வாழ்ந்து, பின்னர் விரட்டப்படும் இடத்தை நாமே கட்டித் தருவானேன்?

வேலையைத் தை மாதத்தில் தொடங்கினோம். மழைக்காலத்தில் மண்ணைத் தோண்டுவதும் சுவரை இடிப்பதும் உயிர்களுக்குப் பெருங்கேடு. முனிவரும் ஓரிடத்தில் தங்கும் காலம் அது. ஆயினும் தையிலும் நாம் தப்பவில்லை. பழைய மேடையை இடித்த மூன்றாம் நாள், சுவரின் பிளவினுள் பெரியதோர் எறும்புப் புற்று வெளிப்பட்டது. வெள்ளை முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு ஆயிரக்கணக்கில் ஓடின. கொத்தனார் கடப்பாரையை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார். மண்ணெண்ணெய் ஊற்றினால் அரை மணியில் முடியும் என்றார் சித்தாள். மகன், "அம்மா, இரண்டு ஆள் கூலி நாளைக்கும் உண்டு" என்று மட்டும் சொன்னான். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. கடன் வாங்கிச் செய்த வேலை. நாம் உடனே விடை சொல்லிவிட்டோம் என்று பெருமை பேசமாட்டோம். சற்றுத் தயங்கினோம். மருமகள்தான், "அந்தப் பக்கம் கடைசியில் இடித்துக்கொள்ளலாம். இரண்டு நாள் கொல்லை வேலையைப் பாருங்கள், கூலியை நான் தருகிறேன்" என்றாள். இரண்டு இரவுகளில் எறும்புகள் முட்டைகளைச் சுமந்துகொண்டு கிணற்றடி மாமரத்தின் வேருக்குப் போய்ச் சேர்ந்தன. எல்லாம் போகவில்லை. மூன்றாம் நாள் இடித்தபோது எஞ்சியிருந்தவை மடிந்தன. அன்று மாலை நாங்கள் இருவரும் ஒன்றாக அமர்ந்து பிரதிக்கிரமணம் செய்தோம். அவள் வந்த பத்தாண்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து அமர்ந்து ஓதியது அதுவே முதன்முறை.

தட்டுகள் எத்தனை வேண்டும் என்று ஆசாரி கேட்டபோது, முதலில் பாத்திரத்தை எண்ணினோம். பரிக்கிரக பரிமாணம் என்பது நிலத்துக்கும் பொன்னுக்கும் மட்டும் உரியதன்று. பித்தளை அண்டாக்கள், பெயர் வெட்டிய எவர்சில்வர்க் குடங்கள், திருமணங்களில் வந்த தட்டுகள், ஒருமுறையேனும் அடுப்பேறாத குக்கர் இரண்டு. பாதியை ஊர்ப் பொதுப் பந்திக்கென்று ஆலயத்தில் சேர்த்துவிட்டோம். பள்ளிக்கு எடுத்துச் சென்ற மூன்றடுக்குச் சோற்றுத் தூக்கு ஒன்று உண்டு. அதன் கைப்பிடி தளர்ந்துவிட்டது, எதற்கும் பயனில்லை. அதையும் எடுத்துக் கூடையில் வைத்தோம், பின்னர் எடுத்துக்கொண்டோம். இப்போது அது இரண்டாம் தட்டின் மூலையில் இருக்கின்றது. மருமகள் கண்டும் காணாதவள் போல் அதனை வாரம் ஒருமுறை துடைத்து வைக்கிறாள்.

கொல்லையில் துணி துவைக்கும் கல்லையும் அதன் கழிவுநீர்க் கால்வாயையும் திருத்தும் வேலை மட்டும் எஞ்சியுள்ளது. அங்கே மண்புழுக்கள் மிகுதி. மழைக்காலம் கழிந்து தை பிறக்கட்டும் என்று காத்திருக்கிறோம்.